மாங்கன்று கிளை விட எங்கே, எப்போது வெட்டுவது: கிருஷ்ணகிரியில் புதிதாகத் தோப்பு வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்று நட்டு ஒரு வருடம் தாண்டியும் ஒற்றைக் குச்சியாகவே மேலே போய்க்கொண்டிருக்கிறதா? அல்லது யாரோ சொன்னார்கள் என்று உச்சியை வெட்டி, வெட்டிய இடத்தில் துடைப்பம் மாதிரி பத்துத் துளிர் கொத்தாகக் கிளம்பிவிட்டதா? இரண்டும் கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தோப்பு வைப்பவர்களுக்குச் சாதாரணமாக நடப்பவை. எனக்கும் நடந்தது. விசாரித்து அலைந்தபோது ஆளுக்கொரு பதில் கிடைத்தது. கன்றில் கத்தி வைக்கவே கூடாது என்றார் ஒருவர். இந்த டானிக் அடித்தால் தானாகக் கிளைக்கும் என்றார் கன்று விற்றவர். ஏன், எப்போது, எந்தக் கணுவில் என்று யாரும் சொல்லவில்லை. படித்தும் கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன், உங்களுக்கு இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

இது 1 முதல் 4 வயது வரையுள்ள ஒட்டுக்கன்றுகளுக்கானது. 20 வருட மரத்தை வெட்டிப் புதுப்பிப்பது வேறு வேலை, அதை இங்கே தொடவில்லை.

1. கன்று வாங்கும் முன் காகிதங்கள்

கவாத்து, அதாவது கன்றை வெட்டி வடிவமைப்பது, பற்றிய கட்டுரையில் காகிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். எத்தனை அடிக்கு ஒரு கன்று, சொட்டுநீர் உண்டா இல்லையா என்பதுதான் வருடத்தில் எத்தனை முறை கவாத்து செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இரண்டையும் பெரும்பாலும் மானியம்தான் தீர்மானிக்கிறது.

தோட்டக்கலைத் துறையின் டான்ஹார்ட்நெட் தளத்திலோ உழவன் செயலியிலோ பதிவு செய்யலாம். கைப்பேசியில் செய்ய வராதவர்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போனால் பதிந்து தருவார்கள். எடுத்துப் போக வேண்டியவை: கணினிச் சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு புகைப்படம். விவசாயி தனித்துவ அடையாள எண் இன்னும் எடுக்காதவர்கள் அதை முதலில் முடித்துவிடுங்கள். சிட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் நாமே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அடங்கலுக்கு விஏஓவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். 5 ஏக்கருக்குள் இருப்பவர் சிறு விவசாயி. ஆனால் அதற்கான சான்று தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 60 ரூபாய் அளவில்தான் ஆகும், நேரம்தான் இழுக்கும். சொட்டுநீர்க் கோப்புக்கு மண், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். அந்த மண் அறிக்கையைக் கோப்போடு மறந்துவிடாமல் ஒரு நகல் வீட்டில் வையுங்கள். கிளைப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, 4-வது பகுதியில் வருகிறது.

இங்கே நிறையப் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். பட்டா இறந்துபோன தந்தை பெயரில் இருக்கும், அல்லது நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். ஆதாரில் இனிஷியல் ஒன்று, பட்டாவில் வேறொன்று. இது தீராமல் கோப்பு நகராது. பட்டா மாறுதல் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், ஜூலையில் நட நினைப்பவர் பொங்கல் முடிந்த கையோடு அந்த வேலையைத் தொடங்குவது நல்லது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை ஏக்கர் என்றுதான் ஒதுக்கீடு வரும், முந்திக்கொள்பவருக்குத்தான் கிடைக்கும். அனுமதி வரும் முன்பே கன்று வாங்கி நட்டுவிட்டு, பில்லைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள். அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையில் செய்யுங்கள்.

2. இடைவெளி

அடர் நடவுக்கு 5-க்கு 5 மீட்டர், ஏக்கருக்கு 160 கன்று. மிக அடர் நடவுக்கு 3-க்கு 2 மீட்டர், ஏக்கருக்கு 674 கன்று. பழைய முறையில் 10-க்கு 10 மீட்டர், 40 கன்று.

என் கருத்து இது: போர்வெல்லில் தண்ணீர் உறுதியாக இருந்து, வருடா வருடம் ஜூலை, ஆகஸ்டில் ஆள் வைத்துக் கவாத்து செய்ய முடியுமானால் மட்டும் 3-க்கு 2 போங்கள். மானாவாரியிலோ, பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் மட்டும் வருபவராகவோ இருந்தால் 5-க்கு 5 போதும். மிக அடர் நடவில் ஒரு வருடம் கவாத்தை விட்டுவிட்டால் தோப்பு இருட்டிவிடும். இருட்டினால் மொட்டு விழிக்காது.

3. கன்று தேர்வு

போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூரைச் சுற்றி நாற்றங்கால்கள் நிறைய. ஜீனூரிலும் திம்மாபுரத்திலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடி, மேலும் கீழும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒட்டின் பாலிதீன் நாடா தண்டைக் கவ்விக்கொண்டிருக்கக் கூடாது. கடைசியாக விட்ட இலைகள் முற்றிக் கரும்பச்சையாக இருக்க வேண்டும். செம்பு நிறத் தளிரோடு இருக்கும் கன்று பார்க்க அழகு. ஆனால் வண்டியில் வந்து குழியில் இறங்குவதற்குள் அந்தத் தளிர் வாடிவிடும்.

உயரமான கன்றுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். நான்கடி உயரக் கன்றானாலும் அதை 60–70 சென்டிமீட்டரில் வெட்டத்தான் போகிறோம். தண்டு விரல் கனம் இருக்கிறதா, வெட்டப் போகும் உயரத்துக்குக் கீழே நல்ல இலைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கீழே முழுக்க மொட்டையாக, உச்சியில் மட்டும் இலை வைத்த கன்றைத் தள்ளிவிடுங்கள்.

நட்டபின் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் ஒவ்வொன்றையும் கையாலேயே ஒடித்துவிடுங்கள். அது அடிச்செடியின் துளிர், நீங்கள் பணம் கொடுத்த பெங்களூராவோ அல்போன்சாவோ அல்ல. விட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து மேலே இருப்பதை முடக்கிவிடும்.

4. மொட்டு ஏன் சும்மா இருக்கிறது

கத்தரியை எடுக்கும் முன் இதைப் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் மீதிப் படிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

ஒவ்வோர் இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தில் ஒரு மொட்டு இருக்கிறது. கிளையாக வேண்டியது அதுதான். அதை உறங்கவைப்பது உச்சி. உச்சியிலுள்ள இளந்தளிர் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது தண்டு வழியாக மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஆக்சின் மொட்டுக்குள் போய் அதை அடக்குவதில்லை. ஒரு மொட்டு கிளையாக வேண்டுமானால், அது தன் ஆக்சினைத் தண்டுக்குள் இறக்கியாக வேண்டும். பெரிய வாய்க்கால் கரை தொட ஓடும்போது பக்கத்து வயலின் தண்ணீர் அதில் வடியாது அல்லவா, அதே நிலைதான். மேலிருந்து வரும் ஆக்சினால் தண்டு நிரம்பியிருக்கும் வரை பக்க மொட்டு தன்னுடையதை இறக்க வழியில்லாமல் கிடக்கிறது.

சைட்டோகைனின் இதற்கு எதிர்ப்பக்கம். வேரிலும் தண்டின் கணுக்களிலும் உருவாகி மொட்டை விழிக்கச் சொல்கிறது. ஆக்சின் மிகுதியாக இருக்கும்போது கணுவில் அதன் உற்பத்தி குறைகிறது. உச்சியை வெட்டியதும் கூடுகிறது.

மூன்றாவது ஸ்ட்ரிகோலாக்டோன். வேரிலும் தண்டிலும் உருவாகி மேலே ஏறி, கிளைக்காதே என்று சொல்லும் ஹார்மோன் இது. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் வேர் இதை அதிகமாகச் சுரக்கிறது. சத்தில்லாத மண்ணில் எத்தனை கிளையைத் தாங்க முடியும் என்று செடி இப்படித்தான் கணக்குப் போடுகிறது. சோளக்கொல்லையில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையைப் பார்த்திருப்பீர்கள். அதன் விதை முளைப்பதே சோள வேர் கசியவிடும் இந்த வகைப் பொருளை உணர்ந்துதான். ஆக, மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் கன்று ஒற்றைக் குச்சியாக நிற்பதில் வியப்பில்லை. மண் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதனால்தான். அறிக்கையில் மணிச்சத்து குறைவு என்று வந்திருந்தால், கத்தரியால் மட்டும் அதைச் சரி செய்ய முடியாது. தொழுவுரமும் சூப்பர் பாஸ்பேட்டும் முதலில்.

நான்காவது ஹார்மோன் அல்ல, சர்க்கரை. இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் உச்சி இழுத்துக்கொள்கிறது. உச்சி போனதும் அந்தச் சர்க்கரை சில மணி நேரத்திலேயே கீழ் மொட்டுகளுக்குத் திரும்புகிறது. பட்டாணிச் செடியில் செய்த ஆய்வில், வெட்டிய இடத்தில் ஆக்சின் குறைந்த விளைவு கீழே வந்து சேரும் முன்பே அங்குள்ள மொட்டு வளரத் தொடங்கியிருந்தது. முதலில் தட்டி எழுப்பியது சர்க்கரைதான். தோப்புக்காரருக்கு இதன் பொருள் நேரானது: வெட்டுக்குக் கீழே முற்றிய நல்ல இலைகள் இருக்க வேண்டும். இலையே இல்லாத கட்டையில் வெட்டினால் மொட்டு விழிக்க நாளாகும், சில நேரம் விழிக்காமலேயே காய்ந்துவிடும்.

வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அதற்கு அடுத்துள்ள தூரச் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பக்கத்துச் செடியின் நிழலில் நிற்கும் கன்று இந்த வேறுபாட்டை உணர்ந்து, கிளை விடுவதை நிறுத்தி உயரத்துக்கு ஓடும். மாங்கன்று வரிசைக்குப் பக்கத்திலேயே துவரை, ஆமணக்கு போடாதீர்கள். நிலக்கடலை, உளுந்து, கொள்ளு என்றால் பரவாயில்லை.

5. முதல் வெட்டு

எப்போது: கன்று வேர் பிடித்து, நட்டபின் குறைந்தது ஒரு துளிராவது விட்டு அது முற்றியிருக்க வேண்டும். மாமரம் தொடர்ந்து வளர்வதில்லை, துளிர் விடும், நிற்கும், மறுபடி விடும். செம்பு நிறத் தளிர் வெளிர்பச்சையாகி, கரும்பச்சையாகி, இலையை மடக்கினால் மொடமொடவென்று ஒடியும் நிலைக்கு வர ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். அப்போதுதான் வெட்ட வேண்டும். தளிர் சிவப்பாக இருக்கும்போது வெட்டினால், அதை உருவாக்கச் செலவழித்த சர்க்கரை திரும்பி வரும் முன்பே அதைத் தூக்கி எறிந்தவர் ஆகிறீர்கள். அடுத்து வரும் துளிர் நூலாகத்தான் வரும்.

மாதக் கணக்கில் சொன்னால், இளங்கன்றுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். சொட்டுநீர் இருந்தால் பிப்ரவரி, மார்ச்சிலும் செய்யலாம். ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் இல்லாத தோப்பில் கை வைக்க வேண்டாம். விடாத அடைமழை நாளிலும் வேண்டாம், வெட்டுவாயில் பூஞ்சாணம் ஏறி நுனி கருகிக்கொண்டே கீழே வரும்.

எங்கே: தரையிலிருந்து 60–70 சென்டிமீட்டர் உயரத்தில். இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம், கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மாந்தண்டில் ஒவ்வொரு துளிரும் முடிந்த இடத்தில் இலைகள் நெருக்கமாக, வளையம் போட்டது மாதிரி இருக்கும். இலை உதிர்ந்த பழைய தண்டிலும் அந்த இடத்தில் தழும்புகள் நெருங்கியிருப்பதைக் காணலாம். இதைக் கணு வளையம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இலைகள் நெருக்கம் என்பதால் மொட்டுகளும் நெருக்கம்.

வளையத்துக்கு மேலே வெட்டினால், அதிலுள்ள அத்தனை மொட்டும் ஒரே நேரத்தில் விழிக்கும். தொடக்கத்தில் சொன்ன துடைப்பம் அதுதான். எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் எந்தக் கிளைக்கும் பிடிமானம் இருக்காது. பின்னால் பெங்களூரா காய் பாரம் ஏறி ஆடி மாதக் காற்றும் அடித்தால், அடியோடு பிளந்துகொண்டு வரும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் இலைகள் இடைவெளி விட்டு இருக்கும் பகுதியில் மொட்டுகள் விழிக்கும். மூன்று, நான்கு துளிர்தான் வரும். ஆனால் ஒன்றுக்கொன்று தள்ளி, தண்டைச் சுற்றி வெவ்வேறு திசையில், அகன்ற கோணத்தில் வரும். நமக்கு வேண்டியது இது.

ஆகவே 60–70 சென்டிமீட்டர் என்ற அளவை ஸ்கேல் வைத்துப் பார்க்காதீர்கள். அந்த உயரத்துக்குப் பக்கத்தில் வளையம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே, ஓர் இலைக்கு அரை விரல் மேலே, லேசான சாய்வாக வெட்டுங்கள். வெட்டு 55-லோ 75-லோ விழுந்தாலும் பரவாயில்லை. இலைக்கு மேலே நீளமாகக் குச்சியை விட்டால் அது காய்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும்.

எதில்: கூர்மையான கவாத்துக் கத்தரி. அரிவாள் வேண்டாம், தண்டு நசுங்கிப் பிளக்கும். ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்றுக்குப் போகும் முன், ஸ்பிரிட் நனைத்த துணியால் கத்தரி வாயைத் துடையுங்கள். மாம்பால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் முழுக்கை சட்டை, கையுறை அவசியம். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விரல் கனத்துக்குக் குறைவான வெட்டுக்கு மேல்பூச்சு கட்டாயமில்லை. தடித்த வெட்டானால் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அளவு. பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், இரும்புப் பாத்திரத்தில் கூடாது.

6. வந்த துளிரில் எதை விடுவது

மண்ணில் ஈரம் இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் மொட்டு உப்பித் துளிர் தெரியும். இனி ஒரு மாதம் கன்றை அடிக்கடி போய்ப் பாருங்கள். வெட்டிவிட்டு மறந்து போகிறவர்கள்தான் அதிகம்.

வெட்டுக்கு நேர் கீழே உள்ள துளிர்தான் வேகமாக எழும்பும். அது எழும்பியதும் தானே புது உச்சியாகி ஆக்சினை இறக்கத் தொடங்கும். கீழே இப்போதுதான் விழித்த மொட்டுகள் மறுபடி அடங்கும். கொஞ்ச நாளில் பழையபடி ஒற்றைக் குச்சி, நடுவே ஒரு வளைவு மட்டும் மிச்சம். ஆகவே துளிர் ஒரு சாண் வளர்வதற்குள் தேர்ந்தெடுத்துவிடுங்கள். மூன்று அல்லது நான்கு போதும். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் சமமாகப் பிரிந்திருக்க வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் தண்டில் நாலு விரலாவது உயர வித்தியாசம் இருந்தால் நல்லது. நேராக மேலே நிமிர்வதை, அது எவ்வளவு கொழுத்திருந்தாலும், எடுத்துவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் எடுக்க வேண்டும்.

ஏற்கனவே துடைப்பம் ஆகிவிட்ட கன்று வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்தத் துளிர் முற்றும் வரை விட்டுவிட்டு, கொத்துக்குக் கீழே, அதாவது வளையத்துக்குக் கீழே, மறுபடி ஒரு வெட்டு கொடுங்கள். ஒரு துளிர்க்காலம் நஷ்டம், கன்று பிழைத்துக்கொள்ளும்.

கிளை ரொம்பக் குறுகிய கோணத்தில் ஏறினால், சணல் கயிற்றைத் தளர்வாகக் கட்டி முளைக்குச்சியில் இழுத்து வளையுங்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் ரோஜாவில் தண்டை வளைத்துவிடுவதும் இதே கணக்கில்தான். தண்டு படுத்தால் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, வளைவின் மேற்பக்க மொட்டுகள் விழிக்கும். மாவில் அளவோடு வளைத்தால் போதும், தரைக்கு இணையாகப் படுக்கவைக்க வேண்டாம்.

புதுத் துளிரில் இலை வெட்டும் கூன்வண்டைக் கவனியுங்கள். கத்தரியால் நறுக்கியது மாதிரி இளம் இலைகள் துண்டாகத் தரையில் கிடக்கும். வண்டு முட்டை வைத்துவிட்டு வெட்டிப் போடுவது அது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி எரித்தாலே அடுத்த தலைமுறை குறையும். தோப்பு முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் துளிரும் ஒரே நேரத்தில் வரும், பூச்சிக்கு விருந்துதான். ஆனால் மருந்தடிப்பதும் ஒரே தடவையில் முடியும். நான் ஒரே நாளில் முடிப்பதையே விரும்புகிறேன்.

7. இரண்டாம், மூன்றாம் வெட்டு

தேர்ந்த கிளைகள் ஏறத்தாழ 45–60 சென்டிமீட்டர் நீண்டு இலை முற்றியதும், அதே விதிப்படி, வளையத்துக்குக் கீழே வெட்டுங்கள். 3 கிளை 9 ஆகும், அடுத்த சுற்றில் 27. சொட்டுநீர்த் தோப்பில் வருடத்துக்கு மூன்று சுற்று வரை போகலாம். மானாவாரியில் இரண்டு போதும். கன்று துளிர் விட்டு முற்றும் வேகத்துக்கு நாம் போக வேண்டுமே தவிர, நாட்காட்டிக்குக் கன்று வராது.

ஒட்டுக்கன்று முதல் வருடமே பூக்கும். முதல் மூன்று வருடம் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். மாவில் பூ நுனி மொட்டிலிருந்துதான் வரும். அந்த நுனி பூவாகிப் போனால் அந்த முனையின் வளர்ச்சி அதோடு முடிந்தது. குளிர் நீடிக்கும்போது கிள்ளினால் பக்க மொட்டிலிருந்து மறுபடி பூ வரலாம், அதையும் கிள்ளுங்கள்.

8. காய்க்கத் தொடங்கியபின் கடைசி நாள்

நான்காம் வருடத்திலிருந்து, அறுவடை முடிந்த கையோடு கவாத்து. கடைசிக் காய் ஜூலையில் இறங்கியது என்றால் ஆகஸ்டு முடிவதற்குள் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் இறங்கும்போது, முற்றிய இலைகளிலிருந்து பூக்கச் சொல்லும் செய்தி நுனி மொட்டுக்குப் போகிறது. மொட்டு அதைக் கேட்க வேண்டுமானால் அந்தத் தண்டு சில மாதம் ஓய்வெடுத்து முதிர்ந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வெட்டினால் செப்டம்பரில் துளிர், அக்டோபர் கடைசியில் முற்றல், பிறகு ஓய்வு, அப்புறம் பூ. தீபாவளிக்கு ஆள் கிடைத்தார்கள் என்று அக்டோபர், நவம்பரில் வெட்டினால், குளிர் வரும்போது மரம் இளந்தளிரோடு நிற்கும். இளந்துளிரில் ஜிப்ரெலின் மிகுதி, அது மாவில் பூவைத் தடுக்கும் ஹார்மோன். அந்த வருடக் காய் போய்விடும். தாமதமாகிவிட்டால் அந்த வருடம் கவாத்தையே விட்டுவிடுவது மேல். காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள்.

9. கடையில் நீட்டும் பாட்டில்கள்

கிளைக்க வைக்கும் என்று சொல்லித் தரும் பாட்டிலை வாங்கும் முன், உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளைப் படியுங்கள்.

ஜிப்ரெலிக் அமிலம் என்று இருந்தால், அது தண்டை நீட்டும், கிளைக்க வைக்காது. மாவில் பூவையும் கெடுக்கும். என்ஏஏ என்பது ஆக்சின் வகை. பூக்கும் காலத்தில் பிஞ்சு உதிர்வைக் குறைக்க 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவில் அடிப்பார்கள். கன்று கிளைக்க அதை அடிப்பது, மொட்டை உறங்கவைக்கும் பொருளை நாமே ஊற்றுவது போலாகிவிடும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் போன்றவை பயிர் ஊக்கிகள். 2021 முதல் இவை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. உச்சியை வெட்டாத கன்றில் அவற்றை மட்டும் அடித்துக் கிளை எதிர்பார்க்காதீர்கள். உள்ளடக்கமே போடாத பாட்டிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், பில் தராத கடையிலும் வாங்காதீர்கள்.

பேக்லோபியூட்ராசோல் தனிக் கதை. இது ஜிப்ரெலின் உருவாவதைத் தடுக்கிறது. துளிர் நீளாமல் நின்று, மரம் பூவுக்குத் திரும்புகிறது. காய்க்கும் மரத்துக்கு, மரத்தின் வயதுக்கும் விரிவுக்கும் லேபிள் சொல்லும் அளவில், செப்டம்பரை ஒட்டி வேர்ப்பகுதியில் ஊற்றுவார்கள். நாம் கிளை கட்டிக்கொண்டிருக்கும் இளங்கன்றுக்கு இது கூடவே கூடாது, வளர்ச்சியே முடங்கும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் பொருள் என்பதால் அளவு கூடிப்போனால் திரும்ப எடுக்க வழியில்லை. ஊடுபயிரும் பாதிக்கும். குத்தகைக்குத் தோப்பு விடுபவர்கள், குத்தகைக்காரர் இதை ஊற்றலாமா, எவ்வளவு ஊற்றலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடக் காய்க்காக அளவு மீறி ஊற்றிவிட்டுப் போனால், அதன் விளைவு மரத்துக்கும் உங்களுக்கும்தான்.

எந்த மருந்தானாலும் சந்தேகம் வந்தால், காவேரிப்பட்டினத்தை அடுத்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி. துளிரோடு ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொண்டு போனால் பதில் தெளிவாகக் கிடைக்கும்.

10. செலவு

கன்று விலை ரகம், வயதைப் பொறுத்து மாறும். 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5-க்கு 5 நடவில் ஏக்கருக்கு 16,000, 3-க்கு 2 நடவில் 67,400. குழி, தொழுவுரம், முட்டுக்குச்சி எல்லாமே இந்த விகிதத்தில் நான்கு மடங்கு ஏறும் என்பதை மறக்காதீர்கள். கன்று இலவசமாகக் கிடைத்தாலும் குழிக்கூலி உங்களுடையது.

கத்தரி சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும். மலிவானது வாங்கினால் ஒரே பருவத்தில் வாய் மழுங்கித் தண்டை நசுக்கும். கொஞ்சம் கூடப் போட்டு, பிளேடு மாற்றக்கூடியதாக வாங்குங்கள். ஸ்பிரிட், மயில்துத்தம், சுண்ணாம்பு, கையுறை எல்லாம் சிறு செலவு.

கூலியில்தான் கணக்கு. இளங்கன்றுக்கு வளையம் பார்த்து வெட்டி, கத்தரி துடைக்க மூன்று நிமிடம் என்றால், 160 கன்றுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாள். 674 கன்றுக்கு நான்கு நாளுக்கு மேல். துளிர் தேர்ந்தெடுக்க மறுபடி அதே அளவு நேரம். ஆள் வைத்தால் முதல் பத்துக் கன்றை நீங்களே வெட்டிக் காட்டுங்கள். எண்ணிக்கைக் கூலிக்கு விடாதீர்கள். எண்ணிக்கைக்கு வெட்டுபவர் வளையத்தைப் பார்க்க மாட்டார், கத்தரியையும் துடைக்க மாட்டார்.

மானியம் தவணையாக வரும். அடுத்த தவணைக்கு முன் அலுவலர் வந்து எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுப்பார். அதனால் ஆய்வுக்கு முந்தைய வாரம் தலைவெட்டு வெட்டிவிட்டுக் குச்சியாக நிறுத்தி வைக்காதீர்கள். துளிர் விட்டு இலை விரிந்தபின் அவரைக் கூப்பிடுங்கள். செத்த கன்றுகளுக்குப் பதில் நடுவதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பில் நகல் ஒன்றை அடங்கலோடு சேர்த்து வையுங்கள்.